எறும்புகளோடு வந்த கடிதம்

சனிக்கிழமை காலை பதினோரு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பயங்கரம் வெளிச்சத்துக்கு வந்தது.

முப்பத்தேழு நாள் எறும்புகள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தன!

"அம்மா! என் எறும்பெல்லாம் எங்கே?"

அம்மா திரும்பவில்லை. தன் தட்டச்சுக் கடையின் புதுக் கம்ப்யூட்டரில் யாருடைய விண்ணப்பத்தையோ தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை டப்பாவுக்குள்ளே பாரு."

"அந்த எறும்பு இல்லைம்மா. எறும்பு டைரி! பழைய கம்ப்யூட்டர்ல வச்சிருந்தேனே!"

தடதட நின்றது.

"எந்தப் பெயர்ல வச்சிருந்தே?"

"விளையாட்டு."

"எறும்பு டைரிக்கு எதுக்குடி 'விளையாட்டு'ன்னு பெயர் வச்சே?"

"அதுங்க ஒண்ணையொண்ணு துரத்தி விளையாடற மாதிரி இருந்துச்சு..."

அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலம்தான் அழிச்சேன் கண்ணு. வேணுங்கிறதை எல்லாம் புதுசுக்கு மாத்திட்டு, மிச்சத்தை அழிச்சு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். விளையாட்டுதானேன்னு நினைச்சிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு வயது பத்து. வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்று இரண்டு உண்டு. தெருவில் யாரும் இரண்டையும் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் 'ஏன்?' என்று தொடங்குவாள். அதனால் எல்லோருக்கும் அவள் ஏன்குட்டி.

பள்ளிக் குழாயடியில் ஊர்ந்த எறும்பு வரிசையை முப்பத்தேழு நாள் அவள் கவனித்திருந்தாள். எத்தனை எறும்பு, என்ன சுமை, எந்தப் பக்கம் போனது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தாள். "இதை வச்சு அழகா ஒரு வரைபடம் போடலாமே. திங்கட்கிழமை கொண்டு வா" என்று கணக்கு சார் சொல்லியிருந்தார்.

கணக்கு சார் பகலில் கணக்கு, மாலையில் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு. அந்த அறையில் ஒன்பது கம்ப்யூட்டர்கள்தான். ஒன்றுக்கு நான்கு பேர் முட்டி மோதிக்கொண்டு உட்கார வேண்டும். பத்தாவதாகப் போகவிருந்தது அம்மாவின் பழைய கம்ப்யூட்டர். நான்கு மணிக்குப் பள்ளி வேனில் வந்து அவரே எடுத்துப்போவதாகப் பேச்சு.

"அழிச்சது அழிச்சதுதானா? ஏன் திரும்பி வராது?"

"எனக்கு அழிக்கத்தான் தெரியும். பக்கத்துக் கடையிலே கேளு."

அப்போது வாசலில் ஒரு குரல் கேட்டது. தையல்கார மாமா. கையில் ஒரு தாள், முகத்தில் குழப்பம்.

"ஏம்மா, இன்னைக்குக் கடை உண்டா, இல்லையா? பலகையிலே 'திறந்திருக்கும்'னும் தெரியுது, 'விடுமுறை'ன்னும் தெரியுது. வீடு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றேன். ஒரு முடிவுக்கு வாங்க!"

நேற்று அம்மா கரும்பலகையில் 'மதியம் விடுமுறை' என்று எழுதியிருந்தாள். காலையில் துணியால் துடைத்துவிட்டு 'திறந்திருக்கும்' என்று எழுதினாள். ஆனால் துடைத்த எழுத்து பின்னால் பேய் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"அழிச்சேனே!" என்றாள் அம்மா.

"அழிச்சதுதான் இவ்வளவு நல்லாத் தெரியுது" என்றார் தையல்கார மாமா.

ஏன்குட்டி அந்தப் பலகையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கடைக்கு ஓடினாள்.

* * *

பக்கத்துக் கடை போன் ரிப்பேர் கடை. வேலை செய்யும்போது சின்னச் சின்னத் திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்வதால் அதன் சொந்தக்காரிக்கு ஸ்க்ரூ அக்கா என்று பெயர். அப்போது யாரும் அவளைச் சிரிக்க வைக்கக் கூடாது. போன வாரம் ஒரு ஸ்க்ரூ கிட்டத்தட்ட வயிற்றுக்குள் போய்விட்டது.

"அழிச்சிட்டாங்களா? எப்போ?" என்றாள் அக்கா, ஸ்க்ரூக்களைத் தட்டில் துப்பிவிட்டு.

"நேத்து."

"அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதாவது வேலை பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்போ உன் எறும்பு உசிரோடதான் இருக்கும்."

ஏன்குட்டியின் கண்கள் இரண்டு மடங்கு ஆயின. "ஏன்?"

"கம்ப்யூட்டர் ஒரு சோம்பேறி. அழின்னு சொன்னா, உள்ளே எந்தப் பொருள் எங்கே இருக்குன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கே, அதுல 'இந்த இடம் காலி'ன்னு ஒரு குறி போட்டுக்கும். அவ்வளவுதான். பொருள் இருந்த இடத்துலேயே கிடக்கும்."

அக்கா ஒரு பென்டிரைவை நீட்டினாள். "கம்ப்யூட்டரை இதுலேர்ந்தே கிளப்பு. இதுல இருக்கிற மென்பொருள் தேடிக் கொடுக்கும். ஆனா ஒண்ணு. கிடைச்சதை இந்தப் பென்டிரைவிலேயே சேமி. கம்ப்யூட்டருக்குள்ளே சேமிக்காதே. பழசு இருக்கிற இடத்து மேல புதுசு எழுதிட்டா, அப்புறம் தலைகீழா நின்னாலும் கிடைக்காது."

பதினைந்து நிமிடம் கழித்து, பழைய கம்ப்யூட்டர் தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. நூறு. எண்ணூறு. இரண்டாயிரம்.

அதோ! 'விளையாட்டு.'

திறந்தாள். முதல் நாள், நாற்பத்திரண்டு எறும்புகள், ஒரு ரொட்டித் துணுக்கு. அப்படியே இருந்தது! அவசரமாகப் பென்டிரைவில் சேமித்தாள். நாற்காலியோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சுற்றி முடித்து மறுபடி திரையைப் பார்த்தவள், அப்படியே நின்றாள்.

பட்டியல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அதில் எறும்புகள் மட்டும் இல்லை.

'பூக்கடை அக்கா - தம்பிக்குக் கடிதம்.' 'தையல்கார மாமா - கடனைத் தள்ளிப் போட.' 'வாட்ச்மேன் தாத்தா - மகளுக்கு மன்னிப்பு.'

அம்மாவின் கடைக்கு வருகிறவர்கள் வெளியே சொல்ல முடியாததையெல்லாம் அவளிடம் சொல்லித்தான் கடிதம் அடித்து வாங்குவார்கள். அச்செடுத்துக் கொடுத்ததும் அம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்புவாள். ஒரு பொத்தானைத் தட்டுவாள். "பாருங்க, உங்க கண் முன்னாடியே அழிச்சாச்சு" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாலு தெரு தாண்டியும் ஆட்கள் தேடி வருவார்கள்.

ஆனால் ஒன்றுமே அழியவில்லை. எல்லாம் இதோ, வரிசை கட்டி நிற்கிறது, எறும்பு மாதிரி!

ஏன்குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டியலை மூடப் போனாள். அதற்குள் கடைசியாக ஒரு வரி வந்து விழுந்தது.

'கணக்கு சார் - இடமாற்ற விண்ணப்பம்.'

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள்.

இடமாற்றமா? கணக்கு சார் வேறு பள்ளிக்குப் போகப் போகிறாரா? எப்போது? ஏன்?

ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. கடிதம் திறந்துவிடும். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தையல்கார மாமாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். யாருக்கும் தெரியாது. விரல் மௌஸின் மேல் இருந்தது. விரல் நுனி அரித்தது.

தையல்கார மாமா வெளியே வாசலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் ஏதோ சொன்னார். கடைக்குள் வருகிற எல்லோருமே அப்படித்தான் பேசுவார்கள். கணக்கு சாரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே மாதிரி குரலைத் தாழ்த்தித்தானே பேசியிருப்பார்?

ஏன்குட்டி மௌஸிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கை தானாகத் திரும்பிப் போய்விடுமோ என்று பயந்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தையல்கார மாமா கிளம்பியதும் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்கே வா. பட்டியலைப் பாரு. எதையும் திறக்காதே."

* * *

அம்மா பார்த்தாள். முகம் வெளுத்தது.

"தினம் தினம் அழிச்சேனே! எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்!"

"பட்டியல்லேர்ந்து மட்டும்தான் போயிருக்கும்மா."

"இது பள்ளிக்கூடத்துக்குப் போய், எவனாவது ஒரு வாலு உன்னை மாதிரி தோண்டினா?"

ஏன்குட்டிக்கு உடனே பம்பரம் ஞாபகம் வந்தான். அவள் வகுப்புப் பையன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் பள்ளி மணியையே கழற்றியவன்.

அம்மா எழுந்தாள். "சுத்தியல் எங்கே?"

"எதுக்கும்மா?"

"உடைச்சுப் போடறேன். கம்ப்யூட்டரும் வேண்டாம், தானமும் வேண்டாம்."

"அம்மா, நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்! பம்பரத்தோட முழங்கை எப்பவும் என் விலாவிலேதான் இருக்கும். இரு, கொஞ்சம் யோசிக்கிறேன்!"

அவள் வாசலுக்கு வந்தாள். பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அதே பேய் எழுத்து.

அக்கா சொன்னது காதில் ஒலித்தது. பழசு இருக்கிற இடத்து மேல புதுசு எழுதிட்டா...

ஏன்குட்டி சாக்பீஸை எடுத்தாள். பலகையின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஓர் இடம் விடாமல் வட்டம் வட்டமாகக் கிறுக்கினாள். பலகையே வெள்ளையானது. பிறகு துணியால் துடைத்தாள்.

மங்கலாக ஒரு வெள்ளைப் பூச்சு. அதில் 'விடுமுறை' இல்லை. 'திறந்திருக்கும்' இல்லை. எந்த எழுத்தும் இல்லை!

அடுத்த நொடி பக்கத்துக் கடையில் இருந்தாள்.

"அக்கா! கம்ப்யூட்டர் முழுக்க, ஓர் இடம் விடாம, எதையாவது எழுதற மென்பொருள் இருக்கா?"

ஸ்க்ரூ அக்காவின் வாயிலிருந்து ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது. "இருக்கே! முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பூஜ்யமா எழுதித் தள்ளும். உனக்கு யார் சொன்னா?"

"பலகை சொல்லிச்சு."

அக்கா இன்னொரு பென்டிரைவோடு வந்து பழைய கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். "பழைய சுத்துற டிஸ்க். இதுக்கு இந்த வழி சரி. புது மாதிரி டிஸ்க்குன்னா வேற வழி. ஆனா இது ஆரம்பிச்சா எல்லாமே போயிடும், கம்ப்யூட்டர் ஓடறதுக்கு வேணுங்கிறது உள்பட. பள்ளிக்கூடத்துலே மறுபடி ஏத்திக்கணும். வேணுங்கிறதை எடுத்தாச்சா?"

அம்மா புதுக் கம்ப்யூட்டரைத் திறந்து ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். ஏன்குட்டி எறும்பு டைரியைப் புதியதிலும் ஒரு பிரதி எடுத்தாள். இந்த முறை அதற்கு 'எறும்பு டைரி' என்றே பெயர் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்கா?"

"நாலு மணி நேரம்."

கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது.

"சார் நாலு மணிக்கு வருவாரே!" என்றாள் அம்மா.

"இருபது நிமிஷம்தானே? பேச்சுக் கொடுத்துச் சமாளிச்சுக்கலாம்" என்றாள் ஏன்குட்டி. கேள்வி கேட்டே ஒருவரை இருபது நிமிடம் நிறுத்துவது அவளுக்குக் கஷ்டமா என்ன?

அம்மா பொத்தானைத் தட்டினாள். திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது. ஒரு சதவீதம்.

* * *

இரண்டு ஐம்பதுக்கு வாசலில் ஹாரன் சத்தம்.

கணக்கு சார்! ஒரு மணி நேரத்துக்கும் மேல் சீக்கிரம்!

"வேன் இப்பவே கிடைச்சுது. அஞ்சு மணிக்குத் திருப்பித் தரணும்" என்றபடி உள்ளே வந்தார். "எங்கே நம்ம பத்தாம் நம்பர்?"

ஏன்குட்டி கம்ப்யூட்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "இப்போ எடுக்க முடியாது சார். பன்னிரண்டு இருபதுலேர்ந்து அழிஞ்சுக்கிட்டிருக்கு."

சார் எட்டிப் பார்த்தார். அறுபத்திரண்டு சதவீதம்.

"இன்னும் தொண்ணூத்திரண்டு நிமிஷம் ஆகுமே!" அவருக்கு அதெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி. "நிறுத்தும்மா. ஏற்கெனவே அழிச்சதுதானே? மிச்சம் மீதி இருந்தாலும் நம்ம பசங்க யார் போய்ப் பார்க்கப் போறாங்க?"

"பம்பரம் சார்."

சார் ஒரு நொடி யோசித்தார். "பார்ப்பான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனாலும் வேன்..."

அம்மா கையைப் பிசைந்தாள். சாரின் கை கம்ப்யூட்டர் ஒயரை நோக்கி நீண்டது.

ஏன்குட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மாவுக்குக் கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"சார், உங்க பெயர் போட்ட ஒண்ணும் அதுல இருந்துச்சு."

நீண்ட கை நின்றது. சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"படிச்சியா?"

"இல்லை சார். பெயர் மட்டும் தன்னால கண்ணுல பட்டுடுச்சு. திறக்கலை."

"நீயா? திறக்கலையா?" சாரால் நம்ப முடியவில்லை. "ஏன்?"

ஊரையே 'ஏன்' கேட்டவளை, ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டார். அவள் காலால் தரையைத் தேய்த்தாள்.

"எனக்கு எழுதின கடிதம் இல்லையே சார்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, ஒரு காபி கிடைக்குமா? தொண்ணூத்திரண்டு நிமிஷம் இருக்கு."

எறும்பு டைரியைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்து, இருவரும் வரைபடம் போட ஆரம்பித்தார்கள். மழை பெய்த நாளில் எறும்பு எண்ணிக்கை பள்ளத்தில் விழுந்தது. யாரோ பிஸ்கட்டைக் கீழே போட்ட நாளில் மலை மாதிரி ஏறியது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றொன்பது.

நூறு!

"இன்னும் முடியலை" என்றாள் ஏன்குட்டி. அக்காவின் பென்டிரைவை மறுபடி செருகினாள். கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்பி, காலையில் எறும்புகளைத் தேடிக் கொடுத்த அதே மென்பொருளை ஓட விட்டாள்.

நான்கு பேர் திரையை வெறித்துப் பார்த்தார்கள். ஸ்க்ரூ அக்கா கூடக் கடையை விட்டு வந்திருந்தாள்.

தேடியது. தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. ஆரம்பப் பகுதியில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. நாலரையைத் தாண்டி முள் நகர்ந்தது. சார் வேனை நினைத்துக் காலை ஆட்டினார். அக்கா சொன்னாள், "முழுக்கத் தேட நேரம் ஆகும். ஆனா காலையிலே இவ்வளவு நேரத்துக்குள்ளே ரெண்டாயிரம் வந்திருந்துச்சு. இப்போ பாரு."

கிடைத்தவை: 0.

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். காலை பதினொன்றரையிலிருந்து விடாத மூச்சு அது.

சாரும் ஏன்குட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கம்ப்யூட்டரை வேனில் ஏற்றினார்கள். சார் கையைத் தட்டிக்கொண்டார்.

"சரி, கேளு."

"எதை சார்?"

"மத்தியானத்துலேர்ந்து உன் மூக்கு நுனியிலே நிக்குதே, அந்தக் கேள்வியை."

ஏன்குட்டி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்களை விட்டுப் போறீங்களா சார்?"

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. அனுப்பவே இல்லை."

"ஏன்?"

"அந்த வாரம் மூணாம் வகுப்புலே ஒரு பொண்ணு எழுந்து, 'பூஜ்யத்தால ஏன் சார் வகுக்கக் கூடாது?'ன்னு கேட்டுச்சு. 'கூடாதுன்னா கூடாது'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் மனசு கேக்கலை. எட்டு வயசுக்குப் புரியற மாதிரி பதில் தேடினேன். ஒரு வாரம் ஓடிப் போச்சு. திரும்பிப் பார்த்தா, விண்ணப்பம் போடற கடைசித் தேதியும் ஓடிப் போச்சு."

"அது நான்தானே சார்! நீங்க ஒரு தாள்ல பன்னிரண்டு உருண்டை வரைஞ்சு காட்டினீங்களே!"

"அந்தத் தாளோட பின்பக்கம்தான் அந்தக் கடிதம். அன்னைக்கும் நீ திருப்பிப் பார்க்கலை."

சார் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியே பின்னால் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இப்போ அதுக்குள்ளே என்ன இருக்கு?"

"பூஜ்யம் சார். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும்."

"அதால வகுக்கலாமா?"

"கூடாது சார்!"

வேன் கிளம்பியது. அம்மா பலகையில் 'திறந்திருக்கும்' என்று பளிச்சென்று எழுதிக்கொண்டிருந்தாள். ஏன்குட்டி வேனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று பின்னாலேயே ஓடினாள்.

"சார்! சார்! ஏன் சார்..."

தெருமுனையில் வேன் நின்றது. ஜன்னல் வழியே ஒரு மூக்குக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"கேளு."